கிணற்றடியில் விழுந்த அம்மாவை வேலை செய்ய விடலாமா?

வட்டக்கச்சி மகள் கேட்டது:

வணக்கம். என் அம்மாவுக்கு 71 வயது. போன மாரியில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தார். வலது கையை ஊன்றியதால் மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமை பிளாஸ்டரில் இருந்து கை பொருந்திவிட்டது. ஆனால் நின்ற நிலையில் விழுந்ததற்கே எலும்பு முறிகிறதென்றால் எலும்பின் உரம் குறைந்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னதால், கொழும்புக்குக் கூட்டிப் போய் எலும்பு அடர்த்தி ஸ்கான் எடுத்தோம். முள்ளந்தண்டுக்கு ரி ஸ்கோர் (இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் இலக்கம்) மைனஸ் 2.9. இடுப்புக்கு மைனஸ் 2.3. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஒஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்பு நலிவு என்றார்கள். கிழமைக்கு ஒரு குளிசையும், நாளாந்தம் கல்சியமும் விற்றமின் டியும் தந்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து அம்மாவை நான் ஒரு வேலையும் செய்ய விடவில்லை. கிணற்றுக்கு மோட்டார் பூட்டினேன். வாளியையும் கயிற்றையும் கழற்றி மாட்டுக்கொட்டிலில் வைத்துவிட்டேன். முற்றம் கூட்டுவது, தேங்காய் திருவுவது, கோழிக்குத் தீன் போடுவது எல்லாம் நானும் பிள்ளைகளும்தான். அம்மா விறாந்தைக் கதிரையில் இருக்கிறார். நாலு மாதம் ஆகிவிட்டது.

இப்போது பயமாக இருக்கிறது. அம்மா கதிரையை விட்டு எழும்ப வேண்டுமென்றால் இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்து, ஒருக்கால் முன்னுக்கு ஆடி, திரும்ப இருந்து, மறுபடியும் ஆடித்தான் எழும்புகிறார். கெண்டைக்கால் தசை கையால் தொட்டால் பஞ்சு மாதிரி இருக்கிறது. 2009இல் யுத்தத்துக்குள் விசுவமடுவிலிருந்து மாத்தளன் வரை என் மூத்தவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையில் சாமானோடு நடந்தவர் இவர். அப்போது அவனுக்கு மூன்று வயது.

நடந்தால் போதும் என்கிறார்கள் சிலர். பாரம் தூக்கவே கூடாது, தூக்கினால் முள்ளந்தண்டு போய்விடும் என்கிறார்கள் வேறு சிலர். அம்மாவோ தினமும் “அந்த வாளியை எடுத்துத் தா” என்று கேட்கிறார். கொடுக்கலாமா? உடற்பயிற்சியால் இந்த வயதில் எலும்பு கூடுமா, இல்லை இன்னும் முறியுமா? அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

*

பனிக்குள் இருப்பவன்:

அக்கா, நான் கனடாவில் இருக்கிறேன். அம்மா புதுக்குடியிருப்பில் இருந்தார். நீங்கள் செய்ததைத்தான் நானும் இங்கிருந்து செய்தேன். மோட்டார், வாஷிங் மெஷின், சமைக்க ஒரு ஆள். அம்மா கஷ்டப்பட்டது போதும், இனி இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். வீடியோவில் பார்க்கும்போதெல்லாம் கதிரையில் இருப்பார். நிம்மதியாக இருக்கிறார் என்று நானும் நிம்மதிப்பட்டேன். ஒன்றரை வருடம் கழித்து, இரவில் வெளிக் கக்கூசுக்குப் போகப் படி இறங்கும்போது கால் தாங்காமல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் எழுந்து நடக்கக் காலில் பலம் இருக்கவில்லை. படுத்த படுக்கையில் சளி பிடித்து, நாலாம் மாதம் போய்விட்டார்.

உங்களைப் பயப்படுத்த இதை எழுதவில்லை. உங்களுக்கு நாலு மாதம்தான் ஆகியிருக்கிறது. அம்மா வாளியைக் கேட்கிறார் என்று நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் அம்மா கடைசியில் எதையும் கேட்கவில்லை.

*

சைக்கிள் மிஸி:

பிள்ளை, எனக்கு 69 வயது. முப்பது வருடத்துக்கு மேல் குடும்பநல மருத்துவ மாதுவாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஒட்டுசுட்டான் பக்கத்தில் நான் சைக்கிளில் போகாத ஒழுங்கை இல்லை. இவ்வளவு தூரம் சைக்கிள் ஓடியவளுக்கு எலும்பில் என்ன குறை வரப்போகிறது என்றுதான் நம்பியிருந்தேன்.

2021இல் ஒருநாள் பேரனின் உயரத்துக்குக் கதவு நிலையில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். “அம்மம்மா, நீங்களும் நில்லுங்கோ” என்றான். வீடு கட்டி முடித்த 2012இல் அதே நிலையில் என் உயரத்துக்கும் ஒரு கோடு போட்டிருந்தோம். முதுகை நிமிர்த்தி நின்றேன். அவன் அடிமட்டத்தைத் தலையில் வைத்து அளந்தான். பழைய கோட்டுக்கு நாலு சென்ரிமீற்றர் கீழே இருந்தேன். நான் விழவுமில்லை, சொல்லும்படியான முதுகுவலியும் இருக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தால், முள்ளந்தண்டில் ஒரு என்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவில் இருக்கிறது. இந்த நோயில் முள்ளந்தண்டு முறிவு பலருக்குச் சத்தமில்லாமல்தான் வரும். ஆகவே உம்முடைய அம்மாவின் கையில் எதையும் கொடுப்பதற்கு முதல் முள்ளந்தண்டை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாரும். ஸ்கானில் வரும் இலக்கம் மட்டும் இதைச் சொல்லாது.

முப்பது வருடம் சைக்கிள் ஓடியும் ஏன் இப்படி என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டேன். சைக்கிளில் உம்முடைய பாரத்தைச் சீற்றல்லவா தாங்குகிறது மிஸி என்றார். சைக்கிள் ஓடுவது மூச்சுக்கும் இருதயத்துக்கும் நல்லது. எலும்புக்கு அது போதாது. நீச்சலும் அப்படித்தான். நடப்பதும் நல்லதுதான், நிற்பாட்ட வேண்டாம். ஆனால் நாளாந்தம் நடந்து பழகிய எலும்புக்கு அது புதிய பாரம் இல்லை.

எலும்பைக் கல்லென்று நினைக்காதேயும். அது வயல் வரம்பு மாதிரி. ஒவ்வொரு போகமும் பழைய வரம்பைச் செதுக்கிப் புது மண் அணைக்கிறோம் அல்லவா? எலும்பிலும் ஒருவகைக் கலங்கள் பழையதைக் கரைத்து எடுக்கும், இன்னொருவகைக் கலங்கள் அந்தப் பள்ளத்தை நிரப்பும். உயிர் உள்ளவரை இந்த வேலை ஓயாது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்த பிறகு செதுக்குவது வேகமாக நடக்கும், அணைப்பது பிந்திவிடும். எங்கே அணைக்க வேண்டும் என்பதை எலும்பு அதன்மேல் விழும் பாரத்தை வைத்துத்தான் அறிகிறது. விண்வெளிக்குப் போகிறவர்களைப் பாரும். ஆகத் திடமான ஆட்கள். அங்கே உடம்புக்குப் பாரமே இல்லாதபடியால் மாதத்துக்கு 1 முதல் 1.5 வீதம் வரை இடுப்பெலும்பு குறைகிறது. அம்மாவைக் கதிரையில் வைத்திருந்தால் எலும்புக்குப் பாரம் எங்கிருந்து வரும்?

நான் செய்ததைச் சொல்கிறேன். ஐந்து லீற்றர் எண்ணெய்க் கான் இரண்டு எடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் மார்க்கர் பேனையால் ஒரு கோடு போட்டேன். ஒரு லீற்றர் என்றால் ஒரு கிலோ, தராசு தேவையில்லை. கானை நிலத்தில் வைப்பதில்லை, ஸ்ரூலின் மேல்தான் வைப்பேன். முதுகை வளைக்காமல், பின்னாலிருக்கும் கதவை இடுப்பால் தள்ளிச் சாத்துவது போல் பின்னுக்குப் போய், முழங்காலை மடக்கி, இரண்டு கானையும் பிடித்து நிமிர்வேன். தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. எண்ணிக்கொண்டே தூக்கினால் மூச்சு தானாக வெளியே போகும். செவ்வாயும் வெள்ளியும் மட்டும். நடுவில் உள்ள நாட்கள் உடம்பு ஆறுவதற்கு. பத்துத் தரம் தூக்கியும் கடைசி இரண்டு தரத்தில் கஷ்டம் தெரியாவிட்டால் அரை லீற்றர் கூட்டிப் புதுக் கோடு போடுவேன். கோட்டுக்குப் பக்கத்தில் பேரன் திகதி எழுதுவான். ஒரு வருடத்தில் கான் நிரம்பியது. நசுங்கிய என்பு இருக்கும் ஆள் நான், ஆனபடியால் முதல் இரண்டு மாதமும் பிசியோவின் கண் முன்னாலேயே பழகினேன். நீரும் அப்படிச் செய்யும். இதை வாசித்துவிட்டு நாளைக்கே கானைத் தூக்கிக் கொடுக்க வேண்டாம்.

இரண்டு வருடம் கழித்து எடுத்த ஸ்கானில் முள்ளந்தண்டு மைனஸ் 2.8இலிருந்து மைனஸ் 2.5க்கு வந்திருந்தது. நான் குளிசையும் எடுத்தவள். இதில் மருந்தின் பங்கு எவ்வளவு, கானின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. இரண்டும் வேண்டும். பயிற்சி தொடங்கிவிட்டோம் என்று குளிசையை விட்டுவிடாதேயும்.

குளிசை என்றதும் இன்னொரு விஷயம். கிழமைக்கு ஒன்று என்றால் அது பெரும்பாலும் அலெண்ட்ரோனேற் 70 மில்லிகிராமாக இருக்கும். விடிய வெறும் வயிற்றில், ஒரு முழுக் கிளாஸ் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பிறகு அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது, வேறொன்றும் வாயில் வைக்கக் கூடாது. தேத்தண்ணியோடு எடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. விழுங்கிவிட்டுச் சரிந்தால் தொண்டைக் குழாயைப் புண்ணாக்கிவிடும். கல்சியக் குளிசையையும் அந்த நேரத்தில் சேர்க்க வேண்டாம். நான் கிளினிக்கில் கண்ட வயதானவர்களில் பலர் இதைத் தேத்தண்ணியோடுதான் விழுங்கினார்கள். யாரும் அவர்களுக்கு ஆறுதலாக இருந்து சொல்லிக் கொடுக்கவில்லை.

சாப்பாட்டையும் பாரும். பாணும் தேத்தண்ணியுமாகப் பொழுதைப் போக்கினால் தசை எப்படி வரும்? முட்டை, பருப்பு, மீன் ஏதாவது ஒன்று ஒவ்வொரு நேரமும் இருக்கட்டும். 100 கிராம் குரக்கனில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. நெத்தலியை முள்ளோடு சாப்பிடச் சொல்லும். தயிருக்கு வன்னியில் குறைவில்லை.

கடைசியாக உம்முடைய வாளி. நானும் கப்பிக் கிணற்றில் அள்ளி வளர்ந்தவள். நிமிர்ந்து நின்று கயிற்றை இழுப்பதில் பெரிய ஆபத்து இல்லை. வாளி மேலே வந்ததும் ஒரு கையால் கயிற்றைப் பிடித்து, மற்றக் கையை நீட்டிக் கட்டுக்கு மேலால் குனிந்து, நிறைந்த வாளியை இழுத்துப் பக்கவாட்டில் திரும்பி ஊற்றுகிறோமே, அங்கேதான் ஆபத்து. குனிவதும் முறுக்குவதும் பாரமும் ஒரே நேரத்தில் முள்ளந்தண்டில் விழுகின்றன. வாளியைக் கொடும். ஆனால் எக்ஸ்ரே பார்த்த பிறகு, காலில் பலம் வந்த பிறகு, பாசியை அகற்றிய பிறகு, சின்ன வாளியில் அரைவாசி. உடம்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்பச் சொல்லும்.

*

வவுனியா பிசியோ:

மிஸி அம்மா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். அக்கா, நீங்கள் எழுதியதில் என்னை முதலில் நிறுத்தியது கதிரை. எழும்ப அம்மாவுக்கு இரண்டு கையும் தேவைப்படுகிறது. நாங்கள் செய்யும் ஒரு சோதனை இருக்கிறது. கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 செக்கனில் எத்தனை தரம் எழும்பி இருக்க முடிகிறது என்று எண்ணுவோம். 70 முதல் 74 வயதுப் பெண்ணுக்குப் பத்துக்குக் குறைந்தால் விழும் ஆபத்து கூட. கையை ஊன்றினால் எண்ணிக்கை பூச்சியம். அம்மா இப்போது அந்தப் பூச்சியத்தில் இருக்கிறார். ஆகவே எலும்பை விட முதலில் காலைப் பாருங்கள். விழாவிட்டால் இடுப்பு முறிவது அரிது.

கதிரையில் இரண்டு மடித்த சாக்கு வைத்து உயர்த்துங்கள். உயரமான இருக்கையிலிருந்து கையில்லாமல் எழும்புவது சுகம். சில நாளில் ஒரு சாக்கை எடுத்துவிடுங்கள். பிறகு மற்றதையும். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்கட்டும். ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மற்றப் பாதத்தை வைத்துப் பத்துச் செக்கன் நிற்கப் பழகட்டும். அந்த நேரம் நீங்கள் கையெட்டும் தூரத்தில் நில்லுங்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சி முறை இப்படியானதுதான். கணுக்காலில் சின்னப் பாரம் கட்டி காலைப் பலப்படுத்துவது, சமநிலை, நடை. கிழமையில் மூன்று நாள், வீட்டிலேயே. அதைச் செய்த முதியவர்கள் விழுவது 35 வீதம் குறைந்தது. கணுக்கால் பாரத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம், துணிப்பையில் அரைக் கிலோ மணல் கட்டினால் போதும்.

எலும்பு கூடுமா என்று கேட்டீர்கள். கூடும், ஆனால் பாரம் போதுமான அளவு இருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் லிஃப்ட்மோர் என்று ஒரு ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டார்கள். எலும்பு அடர்த்தி குறைந்த, 58 வயதுக்கு மேற்பட்ட 101 பெண்கள். ஒரு பகுதியினர் கிழமைக்கு இரண்டு நாள், அரை மணித்தியாலம், எட்டு மாதம் உண்மையிலேயே பெரிய பாரம் தூக்கினார்கள். தங்களால் ஆகக் கூடியது எவ்வளவு தூக்க முடியுமோ அதில் 85 வீதத்துக்கு மேல், ஐந்து தரமாக ஐந்து சுற்று. அவர்களுடைய முள்ளந்தண்டு அடர்த்தி 2.9 வீதம் கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி செய்த மற்றப் பகுதியினருக்கு 1.2 வீதம் குறைந்தது. 2.9 வீதம் சின்ன இலக்கமாகத் தெரியும். வருடா வருடம் குறைந்துகொண்டு போகும் வயதில் மேலே ஏறுவது சின்ன விஷயமில்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு தூக்கலையும் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று பார்த்தார். முதல் மாதம் முறை பழகுவதற்கு மட்டும். தனியாக யாரும் அப்படி இறங்க வேண்டாம்.

பலன் தெரியக் காலம் எடுக்கும். கால் பலம் ஆறு எட்டுக் கிழமையில் தெரியும். எலும்பின் ஒரு இடத்தைச் செதுக்கி நிரப்பி முடிக்கவே மாதக்கணக்கு ஆகும். ஆகவே மூன்று மாதத்தில் திரும்ப ஸ்கான் எடுத்து மனம் உடைய வேண்டாம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் ஒன்று. உடம்பில் யுத்தத்தில் பட்ட செல் (எறிகணை) துண்டு இருந்தால் ஸ்கான் எடுப்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முதுகிலோ இடுப்பிலோ இரும்பு இருந்தால் அடர்த்தி உள்ளதை விடக் கூடத் தெரியும். மற்ற இடுப்பையோ முன்கையையோ எடுத்துப் பார்ப்பார்கள். தழும்பு ஆறிப் பல வருடமானதால் பலர் அதைச் சொல்ல நினைப்பதில்லை.

*

முள்ளியவளையான்:

தங்கச்சி, நான் பெண்ணில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எலும்பு நலிவு பெண்களுக்கு மட்டும்தான் என்று நானும் இருந்தவன். வயது 64. 1998இலிருந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, செயற்கைக்கால்தான். போன வருடம் ஸ்கான் எடுத்தபோது வலது இடுப்பு பரவாயில்லை, இடது இடுப்பு மோசம். ஒரே ஆளின் இரண்டு இடுப்புக்கும் இவ்வளவு வித்தியாசமா என்று கேட்டேன். இருபத்தைந்து வருடமாகப் பாரத்தை எல்லாம் வலது காலில் போட்டிருக்கிறீர்கள், இடது பக்கம் சும்மா இருந்திருக்கிறது என்றார்கள். என் உடம்பிலேயே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

செயற்கைக்காலின் சொக்கெட் (மிச்சக் காலை உள்ளே பொருத்தும் கிண்ணம்) தளர்ந்திருந்தது. அதனால்தான் அந்தக் காலை ஊன்ற மனம் வரவில்லை. முதலில் அதை மாற்றினேன். இப்போது காலையில் படலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலில் மட்டும் பாரத்தை விட்டு நிற்கிறேன். தொடங்கும்போது ஐந்து செக்கன். இன்றைக்கு இருபத்தைந்து. அம்மாவைத் தொடங்கச் சொல்லுங்கள்.

*

வட்டக்கச்சி மகள், ஏழு கிழமைக்குப் பிறகு:

எல்லோருக்கும் நன்றி. கனடாத் தம்பி, நீங்கள் எழுதியதை நான் இரவில் தனியே இருந்து வாசித்தேன். மறுநாளே வெளிக் கக்கூசுக்குப் போகும் வழிக்கு ஒரு லைற் போட்டேன்.

எக்ஸ்ரேயில் முள்ளந்தண்டில் முறிவு இல்லை. பிசியோவிடம் மூன்று தரம் கூட்டிப் போனேன். குளிசையை அம்மா பால் தேத்தண்ணியோடுதான் எடுத்து வந்திருக்கிறார், அதைத் திருத்திவிட்டோம். கண்ணையும் காட்டினோம், இடது கண்ணில் கற்றாக்ட் (கண்புரை) இருக்கிறதாம், ஆபரேஷனுக்குத் திகதி கேட்டிருக்கிறோம். கிணற்றடியைப் பொச்சுமட்டையாலும் பிளீச்சிங் பவுடராலும் தேய்த்து, மேலே சொரசொரப்பாகச் சீமெந்து பூசினோம். அம்மாவின் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். குதிகாலில் ஒரு வரிகூட மிச்சமில்லாமல் வழவழவென்று தேய்ந்திருந்தது. அந்தச் செருப்போடுதான் அன்றைக்கு விழுந்திருக்கிறார். அதை நான் நாலு மாதமாகப் பார்க்கவில்லை.

இரண்டு சாக்கையும் எடுத்தாயிற்று. வெறும் கதிரையிலிருந்து கையை ஊன்றாமல் 30 செக்கனில் நாலு தரம் எழும்புகிறார். முதல் தரம் எழும்பி நின்றபோது அம்மா என்னைப் பார்க்கவில்லை, தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வெள்ளி, பிசியோ சரி என்ற பிறகு, சின்ன வாளியைப் பூட்டிக் கொடுத்தேன். அரை வாளி. காலை எடுத்து வைத்துத் திரும்பி, மிளகாய்க் கன்றுக்கு ஊற்றினார். நான் பின்னாலேயே நின்றேன். இரண்டாவது வாளியை நான் கேட்டும் தரவில்லை.

கானில் ஒரு லீற்றர் கோடு போட்டுப் பத்து நாள்தான் ஆகிறது. அம்மா மார்க்கர் பேனையைக் கேட்கிறார். மிஸி அம்மா, இப்போதே அடுத்த கோடு போடலாமா?

*

சைக்கிள் மிஸி:

பத்தாவது தரம் தூக்கும்போது முகத்தைப் பாரும், பிள்ளை. கஷ்டம் தெரியாவிட்டால் போடும். அரை லீற்றர் மட்டும். பக்கத்தில் திகதி எழுத மறக்க வேண்டாம்.